வைத்தியர் கேளாது விட்ட வினா

1954 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 12 ஆம் திகதி பிரித்தானியாவின் சுகாதார மந்திரி இயன் மக்லியொட் பத்திரிகை நிருபர்களை அழைத்து ஒரு செய்தியை வெளியிட்டார். புகைபிடித்தலுக்கும் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டென்பதை அரசாங்கம் ஏற்றுக்கொள்கின்றது என்பதே அச்செய்தி. அதனை எடுத்துரைத்து, நிருபர்களின் கேள்விகளுக்கு விடையளித்து முடிக்கும் வரையில், மந்திரியார் ஒன்றன்பின் ஒன்றாகச் சிகரெட்டைப் பற்றவைத்துப் புகைத்துக்கொண்டேயிருந்தார்.

இதனை வெறும் போலித்தனமென்று ஒதுக்கிவிடுதல் எளிது. அக்காலத்து நிலையை அறிந்தோர் அவ்வாறு ஒதுக்கமாட்டார். பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை 1948 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஆரம்பமாயிற்று. அவ்வாண்டில் அந்நாட்டு ஆண்களுள் நூற்றுக்கு 82 பேர் ஏதேனும் ஒரு வகையிற் புகையிலையைப் புகைத்து வந்தனர். ஆஸ்பத்திரி விடுதிகளில் நோயாளரின் கட்டிலருகே சாம்பற் கிண்ணம் இருந்தது. நோயாளியின் நெஞ்சிலே குழாயை வைத்துச் சோதித்த வைத்தியரே, சோதனை முடிந்ததும் தமது மேசையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்றவைப்பார். ‘நீர் புகைப்பதுண்டா?’ என்று கேட்பது, ‘நீர் தேநீர் அருந்துவதுண்டா?’ என்று கேட்பது போன்ற உபசார வார்த்தையாகவே அன்று இருந்தது.

நோய்க்குக் காரணம் யாதெனக் கண்டறிதல் ஒரு வேலை. நோயாளியை அக்காரணத்தின் பிடியினின்று விடுவித்தல் வேறொரு வேலை. முதலாவதைச் செய்து முடிக்க வைத்திய உலகுக்குச் சில ஆண்டுகளே தேவைப்பட்டன. இரண்டாவதைத் தன் அன்றாடக் கடமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொள்வதற்கோ ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்றது. அவ்வரை நூற்றாண்டின் வரலாறு பிரித்தானியாவிலே தெளிவாகப் பதிவாகியுள்ளது. ஆதலின் அந்நாட்டையே முதலில் நோக்குதல் பொருந்தும்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்திலே சுவாசப்பைப் புற்றுநோயால் இறப்போர் தொகை ஏன் இவ்வாறு பெருகுகின்றது என்பது எவருக்கும் விளங்கவில்லை. ரிச்சர்ட் டொல் என்னும் வைத்தியரும், ஒஸ்டின் பிராட்போர்ட் ஹில் என்னும் புள்ளிவிபர அறிஞரும் இதனை ஆராயத் தொடங்கினர். மோட்டார் வண்டிகளின் புகையோ வீதிகளுக்கு ஊற்றும் தாரோ காரணமாயிருக்கலாமென்பதே டொல்லின் முதல் ஐயம். இலண்டன் நகரத்து 20 ஆஸ்பத்திரிகளிலே நோயாளரையும், அந்நோய் இல்லாத பிறரையும் வினாவிப் பார்த்தபோது விடை வேறு திசையிலிருந்து வந்தது. ஆராய்ச்சி முடிவதற்கு முன்னரே டொல் தாம் புகைப்பதை நிறுத்திவிட்டார். 1950 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் முடிவுகள் பிரித்தானிய வைத்தியச் சஞ்சிகையில் வெளியாயின.

அடுத்த ஆண்டில் இருவரும் ஒரு புதுமையான காரியத்தைச் செய்தனர். அந்நாட்டிற் பதிவுபெற்ற வைத்தியர்கள் அனைவருக்கும் ஒரு சிறு வினாக்கொத்தைத் தபாலில் அனுப்பி, அவரவரின் புகைத்தற் பழக்கத்தைக் கேட்டனர். அறுபதினாயிரம் வைத்தியருக்குச் சற்றுக் குறைவானோருக்கு அக்கடிதம் சென்றது. ஏறக்குறைய நாற்பதினாயிரம் பேர் விடை எழுதினர். அவ்வைத்தியர்களுள் யார் யார் எந்நோயால் இறக்கின்றனர் என்பதை ஆண்டுதோறும் குறித்துவந்தனர். 1954 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் முதல் அறிக்கை வெளிவந்தது. புகைத்த வைத்தியரே புற்றுநோயால் மிகுதியாக மாண்டனர் என்பதைத் தம் சகபாடிகளின் மரணக் கணக்கிலேயே வைத்தியர்கள் வாசித்தனர். பலர் புகைப்பதை விட்டனர்.

இங்கேதான் ஒரு தவறான எண்ணம் வேரூன்றிற்று. வைத்தியர்கள் உண்மையை அறிந்தனர், அறிந்தபின் விட்டனர். அவ்வாறே பொதுமக்களும் உண்மையை அறிந்தால் விட்டுவிடுவர் என்று பலரும் கருதினர். ஆனால் வைத்தியர் அறிந்த முறையும் சுரங்கத் தொழிலாளி அறிந்த முறையும் ஒன்றல்ல. ஒருவர் நாள்தோறும் அந்நோயின் முகத்தைக் கண்டவர். மற்றவர் பத்திரிகையில் ஒரு பத்தியை வாசித்தவர். சொல்லிவிட்டால் போதும் என்ற இவ்வெண்ணம் இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை.

1518 ஆம் ஆண்டிலே தாபிக்கப்பெற்ற இலண்டன் அரச வைத்தியர் கல்லூரி, 1962 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ‘புகைபிடித்தலும் சுகாதாரமும்’ என்ற அறிக்கையை வெளியிட்டது. ரொபேட் பிளாட் தலைமை வகித்த குழுவுக்குச் செயலாளராய் இருந்தவர் சாள்ஸ் பிளெச்சர். சாதாரண மக்களும் வாங்கி வாசிக்கத்தக்க நடையில் எழுதப்பெற்றதால் அவ்வறிக்கை பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. விளம்பரத்தைக் கட்டுப்படுத்தல், வரியை உயர்த்தல், சிறுவருக்கு விற்பதைத் தடுத்தல், பொது இடங்களிற் புகைத்தலைக் குறைத்தல் ஆகியவற்றை அது வற்புறுத்திற்று. இவற்றோடு, புகைப்பதை விட முயன்றும் இயலாதவர்களுக்கென்று தனிச் சிகிச்சை நிலையங்கள் பயன்படுமா என்று ஆராயவேண்டுமெனவும் அது கூறிற்று. மற்றவற்றைப் பற்றி எழுந்த விவாதத்திலே இக்கடைசி யோசனையைப் பெரிதாகக் கவனித்தோர் சிலரே.

அத்தகைய நிலையங்கள் சுவீடன் நாட்டிலே முன்னரே தோன்றியிருந்தன. 1950 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் ஸ்டொக்ஹோம் நகரத்திலே பியோர்ஜே எயிரப் என்ற வைத்தியர், லொபெலியா என்னும் செடியிலிருந்து எடுக்கும் லொபெலின் என்ற மருந்தை ஊசிமூலம் ஏற்றிப் புகைப்போருக்குச் சிகிச்சை செய்தார். அம்மருந்தினால் நிலையான பயன் உண்டென்பது பிற்கால ஆராய்ச்சிகளில் நிறுவப்படவில்லை. எனினும், புகைப்பவர் ஒரு நோயாளியைப் போல வைத்தியரிடம் வந்து உதவி பெறலாம் என்ற எண்ணத்துக்கு அந்நிலையங்கள் இடமளித்தன. பிரித்தானியாவிலும் மெல்ல மெல்ல அவ்வகை நிலையங்கள் எழுந்தன. 1979 ஆம் ஆண்டளவில் அவற்றின் தொகை ஐம்பது வரையில் இருந்தது. பல இலட்சக்கணக்கானோர் புகைத்த ஒரு தேசத்துக்கு ஐம்பது நிலையங்கள்! அங்கும் தாமாகத் தேடி வந்தோர் மனவுறுதி மிக்க சிலரே.

நிற்க, புகைப்பவர் ஏன் விடமுடியாது தவிக்கின்றார் என்பதற்கு வேறொரு மூலையிலிருந்து விளக்கம் வந்துகொண்டிருந்தது. நீர்மூழ்கிக் கப்பல்களிலே புகைத்தல் இயலாது. சுவீடன் நாட்டு நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகள் கடலுக்குட் செல்லும்போது சிகரெட்டை விட்டு, வாயில் அடக்கும் புகையிலையை நாடுவதை லுண்ட் பல்கலைக்கழகத்து உடற்றொழிலியல் ஆய்வாளர் கிளாஸ் லுண்ட்கிரென் கவனித்தார். மாலுமி வேண்டியது புகையையன்று, புகையிலையிலுள்ள நிக்கொட்டினையே என்பது இதிலிருந்து புலனாயிற்று. 1967 ஆம் ஆண்டின் இறுதியில் அவர் இதனை மருந்துக் கம்பனி ஒன்றில் வேலைபார்த்த தம் நண்பர் ஊவே பெர்னோவுக்கு எழுதினார். பெர்னோவும் புகைபிடிப்பவரே. மெல்ல மெல்ல நிக்கொட்டின் சிறிது சிறிதாக வெளிப்படும் ஒரு பசையை ஆக்க அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1978 இல் சுவிற்சலாந்திலும், 1980 இல் பிரித்தானியாவிலும், 1984 இல் ஐக்கிய அமெரிக்காவிலும் அஃது அனுமதி பெற்றது.

பிரித்தானியாவில் அதற்கு நேர்ந்த கதி சிந்திக்கத்தக்கது. புற்றுநோய் பற்றிய சுவாசப்பையை வெட்டியெடுக்கும் சத்திர சிகிச்சைக்கு ஆகும் செலவைத் தேசிய சுகாதார சேவை முழுவதும் ஏற்றது. அப்புற்றுநோய் வாராது தடுக்க உதவும் பசைக்குரிய சிறு செலவை அஃது ஏற்கவில்லை. வைத்தியர் சீட்டெழுதிக் கொடுத்தாலும் நோயாளியே தம் கைப்பணத்தைக் கொடுத்து வாங்கவேண்டியிருந்தது. இந்நிலை மாறியது 2001 ஆம் ஆண்டிலேதான். அதற்கு 21 ஆண்டுகள் சென்றன.

இனி, இவ்வரலாற்றின் நடுநாயகமான ஆராய்ச்சிக்கு வருவோம். இலண்டன் மோட்ஸ்லி ஆஸ்பத்திரியோடு தொடர்புடைய மனநோய் வைத்தியர் மைக்கேல் ரசல், புகைப்போருக்கென அமைந்த தனி நிலையம் ஒன்றிலே பல்லாண்டு பணியாற்றியவர். புகைத்தல் ஒரு கெட்ட பழக்கமென்பதைவிட, நிக்கொட்டினுக்கு அடிமைப்படும் ஒரு கோளாறு என்பதை விடாது வலியுறுத்தியவர்களுள் அவர் முதன்மையானவர். தம் நிலையத்துக்கு வருவோரைக் குணப்படுத்துவதில் அவருக்கு அக்கறை இருந்தது. வாராதோரின் தொகையோ அவரை மேலும் வருத்திற்று. அவர்கள் நிலையத்துக்கு வாராவிடினும், காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மூட்டு வலிக்கும் தத்தம் குடும்ப வைத்தியரிடம் செல்கின்றனர் அன்றோ?

இலண்டனில் ஐந்து கூட்டு வைத்திய நிலையங்களைச் சேர்ந்த 28 குடும்ப வைத்தியர்கள் அவரோடு இணைந்தனர். நான்கு வாரங்களில் அவர்களிடம் வந்த நோயாளருள் சிகரெட்டுப் புகைப்போர் 2,138 பேர் சேர்க்கப்பட்டு, நான்கு பிரிவினராக வகுக்கப்பட்டனர். முதற் பிரிவினருக்கு எதுவும் செய்யப்படவில்லை. இரண்டாம் பிரிவினரிடம் புகைத்தல் பற்றிய வினாத்தாள் மாத்திரம் கொடுக்கப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்கு வைத்தியர் தமக்கியல்பான முறையில் ஓரிரு நிமிடம், புகைப்பதை நிறுத்துமாறு புத்தி சொன்னார். நான்காம் பிரிவினருக்கு அப்புத்திமதியோடு ஒரு சிறு பிரசுரமும் கொடுத்து, பின்னர் விசாரிக்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. அவ்வளவே. ஊசியில்லை, மருந்தில்லை, நீண்ட உபதேசமும் இல்லை.

ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, ஒரு மாதத்துக்குள் நிறுத்தி ஆண்டு முடிவிலும் புகையாதிருந்தோர் முதற் பிரிவில் ஆயிரத்துக்கு மூவர். இரண்டாம் பிரிவில் 16 பேர். மூன்றாம் பிரிவில் 33 பேர். நான்காம் பிரிவில் 51 பேர். முடிவுகள் 1979 ஆம் ஆண்டில் அச்சாயின.

நூற்றுக்கு ஐவர்தானா என்று நேயர்கள் ஏமாற்றமடையக்கூடும். குடும்ப வைத்தியர்களும் அவ்வாறே ஏமாற்றமடைந்தனர். புத்தி சொன்ன நூறு பேரில் தொண்ணூற்றைவர் மறுமுறையும் சிகரெட்டுப் பெட்டியோடே வந்து எதிரில் அமர்வர்; தம் சொல் வீணாயிற்று என்றே வைத்தியருக்குத் தோன்றும். விட்ட ஐவரோ நோயின்றி இருப்பதால் அவர் கண்ணிற் படுவதேயில்லை. ரசல் கணக்கை மறுபுறமிருந்து பார்த்தார். நாட்டிலுள்ள குடும்ப வைத்தியர் எல்லாரும் இவ்வோரிரு நிமிடத்தைச் செலவிட்டால், ஆண்டொன்றிற் புகைப்பதை விடுவோர் ஐந்து இலட்சத்தை மிஞ்சுவர். அப்பொழுதிருந்த ஐம்பது தனி நிலையங்களைப் பத்தாயிரமாகப் பெருக்கினும் இப்பயனை எட்டமுடியாது.

இத்துணை எளிய வழி கையில் இருந்தும், அடுத்த இருபது ஆண்டுகளில் அது நாடெங்கும் நடைமுறைக்கு வரவில்லை. வைத்தியர்கள் கொடியவர்களாயிருந்ததால் அன்று. ஒரு நோயாளிக்கு அவர்கள் ஒதுக்கக்கூடிய நேரம் சில நிமிடமே. வயிற்று வலிக்கு வந்தவரிடம் சிகரெட்டைப் பற்றிப் பேசினால் அவர் மனம் நோவாரோ என்ற தயக்கமும் உண்டு. கேட்டு அறிந்தாலும் அதனை எழுதிவைக்க நோயாளியின் பத்திரத்தில் இடமில்லை. விட விரும்புகின்றேன் என்று அவர் சொல்லிவிட்டால், அடுத்து அவரை எங்கே அனுப்புவது? இவ்வினாவே எல்லாவற்றிலும் பெரிது. விடை தெரியாத இடத்தில் கேள்வி கேட்க எவரும் விரும்பார்.

1991 இல் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து வைத்தியர் மைக்கேல் பியோர் ஒரு யோசனையை முன்வைத்தார். நோயாளி எந்நோய்க்கு வந்தாலும் அவருடைய நாடித்துடிப்பு, உடல் வெப்பம், சுவாச வேகம், இரத்த அழுத்தம் என்பன குறிக்கப்படுகின்றன. அவற்றோடு ஐந்தாவதாக, அவர் புகைப்பவரா, முன்பு புகைத்தவரா, ஒருபோதும் புகையாதவரா என்பதையும் குறிக்கவேண்டுமென்றார் அவர். பத்திரத்தில் இடுவதற்கு ஒரு றப்பர் முத்திரை போதும். பெரிய கண்டுபிடிப்பு என்று இதனைச் சொல்வதற்கில்லை. ஆயினும், ஒரு தாதி நினைவு வைத்துக் கேட்கவேண்டிய நிலை மாறி, கேளாது விட்டால் பத்திரத்தில் ஒரு வெற்றிடம் கண்ணை உறுத்தும் நிலை உண்டாயிற்று.

பிரித்தானிய அரசாங்கம் 1998 டிசெம்பர் மாதத்தில் ‘புகைத்தல் கொல்லும்’ என்ற பெயரோடு வெள்ளை அறிக்கையொன்றை வெளியிட்டது. அதன்படி 1999 இல் வறுமை மிக்க சில பகுதிகளிலும், அடுத்த ஆண்டில் இங்கிலாந்து முழுவதிலும் புகைத்தலை நிறுத்த உதவும் சேவை ஆரம்பமாயிற்று. முதலில் ஒரு நாள் குறிக்கப்படும். அந்நாளிலிருந்து ஒரு சிகரெட்டும் புகைத்தல் ஆகாது. பயிற்சி பெற்ற ஒருவர் வாரந்தோறும் அவரைச் சந்திப்பார். நிக்கொட்டின் பசையோ, தோலில் ஒட்டும் பட்டையோ, வேறு மருந்தோ வழங்கப்படும். ஒரு சிறு கருவிக்குள் மூச்சை ஊதச் செய்து, அம்மூச்சிலுள்ள காபனோரொட்சைட்டு அளக்கப்படும். புகைப்பதை விட்ட ஓரிரு நாளிலேயே அவ்வளவு இறங்கிவிடுவதைத் தம் கண்ணாற் காண்பது பலருக்கு உபதேசத்தைவிட ஊக்கமளித்தது. நான்கு வாரம் புகையாதிருந்தோரின் தொகை கணக்கில் எடுக்கப்பட்டது.

அனுப்புவதற்கு ஓரிடம் கிடைத்தது. 2004 ஆம் ஆண்டின் புதிய ஒப்பந்தத்தின்படி, நோயாளரின் புகைத்தல் நிலையைப் பதிந்து ஆலோசனை கூறும் குடும்ப வைத்தியருக்கு அதற்கெனப் பணமும் கொடுக்கப்பட்டது. பணம் வந்தபின்தான் வினா கேட்கப்பட்டதா என்று ஏளனம் செய்தோர் உண்டு. ஊசி போடுவதற்கும் குருதி சோதிப்பதற்கும் கொடுக்கும் பெறுமதியை இதற்கும் கொடுத்தார்கள் என்று கொள்வதே நியாயம்.

ஆஸ்பத்திரிகளின் பங்கு இதனினும் பிந்தியே வந்தது. மாரடைப்பு வந்து படுக்கையில் கிடப்பவருக்கு, விடவேண்டும் என்று வேறொருவர் சொல்லவேண்டியதில்லை. கட்டிலிற் கிடக்கும் அச்சில நாட்களில் நிக்கொட்டினுக்கு ஏங்கும் உடலைச் சமாளிக்கவும், வீடு திரும்பியபின் பழைய வழியிற் செல்லாதிருக்கவும் துணைதான் வேண்டும். கனடாவிலே ஒட்டாவா பல்கலைக்கழக இருதய நிலையம் 2002 இல் இதற்கொரு முறையை வகுத்தது. அனுமதிக்கப்படும் ஒவ்வொருவரிடமும் புகைத்தல் பற்றிக் கேட்டுப் பதிதல், கட்டிலருகே ஆலோசனையும் மருந்தும் வழங்கல், வீடு சென்றபின் தானியங்கித் தொலைபேசி மூலம் பலமுறை நலம் விசாரித்தல், தடுமாறுவோரைத் தாதியோடு பேசச் செய்தல் என்பனவே அம்முறை. வேறு ஆஸ்பத்திரிகளில் இதனைப் புகுத்திப் பார்த்தபோது, ஆறு மாதத்தின் பின்னும் புகையாதிருந்தோர் நூற்றுக்கு 18 என்ற நிலையிலிருந்து 29 ஆக உயர்ந்தமை 2010 இல் வெளியான ஆய்வொன்றிற் காணப்பட்டது.

ஒருமுறை ஏற்பட்ட சேவை என்றும் நிலைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. இங்கிலாந்தில் 2013 ஆம் ஆண்டில் இச்சேவையின் பொறுப்பு உள்ளூராட்சிச் சபைகளின் கைக்கு மாறியது, பணம் சுருங்கிற்று, பல இடங்களிற் சேவையும் சுருங்கிற்று. ஒட்டாவா முறையைப் பின்பற்றி மான்செஸ்டர் நகரத்து ஆஸ்பத்திரியொன்று 2018 இல் புதிதாகத் தொடங்கவேண்டியிருந்தது. அதன்பின், 2019 இல் வெளியான நீண்டகாலத் திட்டத்தில், ஆஸ்பத்திரியில் தங்கும் புகைப்போர் அனைவருக்கும் உதவி வழங்கவேண்டுமென்று தேசிய சுகாதார சேவை தனக்குத் தானே விதித்துக்கொண்டது. 1948 இல் ஆண்களில் நூற்றுக்கு 82 ஆக இருந்த தொகை, 2023 இல் வளர்ந்தோர் அனைவரிலும் நூற்றுக்குப் பன்னிருவர் அளவுக்கு இறங்கியிருந்தது. வரியும் சட்டமும் விளம்பரத் தடையும் இதிற் பெரும்பங்கு வகித்தன. எஞ்சிய பன்னிருவருள் வறியோரும் மனநோயுற்றோரும் மிகுதி. அவர்களுக்கே துணை மிகவும் வேண்டப்படுகின்றது.

காலந்தாழ்த்திக் கேட்பதாற் பயன் உண்டோ என்பதற்கு விடை டொல்லிடமிருந்தே வந்தது. 1954 இல் முதல் அறிக்கை வந்த அதே யூன் 26 ஆம் திகதியில், சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 91 வயதில் அவர் தம் சகாக்களோடு வைத்தியர்களின் வரலாற்றை முடித்து எழுதினார். வாழ்நாள் முழுதும் சிகரெட்டுப் புகைப்பவர் ஏறக்குறைய பத்தாண்டு ஆயுளை இழக்கின்றார். அறுபது வயதில் விடுபவர் அதில் மூன்றாண்டையும், ஐம்பதில் விடுபவர் ஆறாண்டையும், நாற்பதில் விடுபவர் ஒன்பதாண்டையும் மீட்கின்றார்; முப்பதில் விடுபவர் ஏறக்குறைய முழுவதையும் மீட்டுவிடுகின்றார்.

இலங்கைக்கும் இவ்வரலாற்றிலே ஓர் இடமுண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே விளைந்த புகையிலை ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூருக்குக் கப்பலேறிற்று. யாழ்ப்பாணத்துச் சுருட்டு தென்னிலங்கைக் கடைகளெங்கும் விற்பனையாயிற்று. பல குடும்பங்களின் சீவனோபாயம் அது. அத்தகைய நாடு, புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக சுகாதாரத் தாபனத்தின் உடன்படிக்கையை 2003 நவம்பரில் ஏற்று, ஆசியாவில் முந்திக்கொண்ட நாடுகளுள் ஒன்றாயிற்று. புகையிலையை விட விரும்புவோருக்குச் சிகிச்சையும் உதவியும் கிடைக்கச் செய்யவேண்டுமென்பது அவ்வுடன்படிக்கையின் 14 ஆம் உறுப்புரை. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தினாற் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபை அமைக்கப்பட்டது. விட விரும்புவோர் ஆலோசனை பெறுவதற்கு அச்சபை ஏற்படுத்திய தொலைபேசி இலக்கம் 1948.

ஆனால் இந்நாட்டு வைத்தியருக்கு இலண்டன் வைத்தியரின் வினா அப்படியே பொருந்தாது. ‘நீர் புகைப்பதுண்டா?’ என்று கேட்டால், தோட்டத்தில் வேலைசெய்யும் பெண், ‘இல்லை’ என்று உண்மையையே சொல்வாள். அவள் மடியிலோ வெற்றிலையோடு ஒரு துண்டுப் புகையிலை இருக்கும். இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் முன்னிற்பது வாய்ப் புற்றுநோய். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அதற்குப் பெருங்காரணங்கள். ஆகவே இங்கே பல் வைத்தியரின் கதிரையே மிகச் சிறந்த இடமாகலாம். வாயைத் திறந்து காட்டியபின் எவரும் மறைத்துப் பேச முடியாது.

2024 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் உலக சுகாதாரத் தாபனம், புகையிலையை விடச் செய்யும் சிகிச்சை பற்றித் தன் முதலாவது வழிகாட்டியை வெளியிட்டது. நிக்கொட்டின் பசையும் பட்டையும் அத்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2009 இலேயே சேர்க்கப்பட்டிருந்தன. வழிகாட்டியின் விதப்புரைகளுள் ஒன்று, புகையிலை பாவிக்கும் எவர் எந்தச் சுகாதார நிலையத்துக்கு வந்தாலும், அரை நிமிடம் முதல் மூன்று நிமிடம் வரையிற் சுருக்கமான ஆலோசனையை வழமையாகவே வழங்கவேண்டுமென்பது. மைக்கேல் ரசல் 2009 இல் காலமானார். 28 வைத்தியர்களோடு அவர் செய்த ஆராய்ச்சி அச்சேறி அப்பொழுது 45 ஆண்டுகள் ஆகியிருந்தன.